கைதியை வேறு சிறைக்கு மாற்றினால் வீட்டுக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையில் இருப்பவரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டிக் கட்டுரையைப் படித்தேன். ஆதார் அட்டை மறக்காதீர்கள், சிறைச் சந்திப்புக்கான இ-முலாகாத் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அரசு விடுமுறையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரிதான். ஆனால் மத்திய சிறை ஒன்றின் எதிரே டீக்கடை நடத்துகிறவன் என்ற முறையில், அதில் விட்டுப்போன ஒன்றைச் சொல்கிறேன்.

மனு பார்க்க, அதாவது மனு எழுதிக்கொடுத்துக் கைதியைச் சந்திக்க, வருகிறவர்களின் செல்போனும் பையும் பெரும்பாலும் என் கடையில்தான் இருக்கும். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வருவது அம்மாவோ மனைவியோதான், ஆண்கள் குறைவு. கைதி பெயர், தகப்பனார் பெயர், எந்த ஸ்டேஷன் கேஸ், இவருக்கு என்ன உறவு என்று மனுவில் கேட்பதையெல்லாம் என் பெஞ்சில் உட்கார்ந்துதான் யாரையாவது பிடித்து எழுதுவார்கள். இவ்வளவும் முடித்து வரிசையில் நின்று ஜன்னலுக்குப் போனால், “அவரை வேற ஜெயிலுக்கு மாத்தியாச்சும்மா” என்று பதில் வரும். இல்லாவிட்டால், “இன்னிக்கு வாய்தா, கோர்ட்டுக்குப் போயிருக்கார்.”

போன மாதம் ஓர் அம்மா அப்படித் திரும்பி வந்தார். கையில் இருந்த கவரில் இரண்டு பனியன், ஒரு லுங்கி, சோப்பு. மகனை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அந்த ஊருக்கு எந்த பஸ், டிக்கெட் எவ்வளவு, இன்றைக்கே போனால் பார்க்க விடுவார்களா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்தது பஸ் மட்டும்தான். கையில் இருந்த காசு அதற்குப் போதாது என்று ஊருக்கே திரும்பிவிட்டார்.

கடைக்கு வரும் வக்கீல் ஒருவரிடம் இதைக் கேட்டேன். கைதானால் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 48-வது பிரிவு என்றார். வேறு சிறைக்கு மாற்றினால் அதை உடனே குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கைதிக்கு உரிமை உண்டு என்று 2015-ல் ஐ.நா. ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 68-வது விதி சொல்கிறதாம். தடுப்புக்காவலில் இருப்பவர் மாதம் ஒரு தடவைதான் குடும்பத்தைப் பார்க்கலாம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 1981-லேயே செல்லாது என்று சொல்லிவிட்டதாம். பார்க்கும் உரிமை இருந்து என்ன, ஆள் எங்கே என்று தெரியாவிட்டால்?

பெரிய செலவில்லாத வேலைதான். இ-முலாகாத்தில் பதியும்போது செல் நம்பர் வாங்குகிறார்கள். ஆளை மாற்றினால் அந்த நம்பருக்குத் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாமே. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாலே வருகிறது. கைதியைக் கொண்டுபோகும் வழியில் பாதுகாப்பு வேண்டும் என்ற காரணத்தால் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றால், புதிய சிறையில் சேர்த்த பிறகு அனுப்பட்டும், அதுவே போதும். வாய்தா தேதியை முந்தின நாளே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளலாம், இ-கோர்ட்ஸ் செயலியிலும் பார்க்கலாம். இதையும் உங்கள் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

அப்புறம் ஒன்று. அந்தக் கட்டுரையைத் துண்டுத்தாளாக அச்சிட முடிந்தால் ஒரு கட்டு அனுப்பிவையுங்கள், கடையில் வைத்துக் கொடுக்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள்.

இப்படிக்கு,
ஒரு டீக்கடைக்காரர்
(பெயர், ஊர் வேண்டாம்)