படித்துக் காட்டியது நான்தான்

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் பாட்டியும் நலம். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வரி அடிப்பதற்குள் நீ இரண்டு பதில் போட்டுவிடுவாய், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தபால். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

மூலை வீட்டுப் பெரியம்மா போன வாரம் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், பயப்படாதே. உன்னிடம் உடனே சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் இணையப் பக்கத்தில் பாகற்காய்ச் சாறு பற்றி எழுதினாயே, முப்பது நாளில் சர்க்கரை நோய்க்கு முடிவு என்று தலைப்புப் போட்டு? அதை 41,000 பேர் படித்தார்கள் என்று நீ போனில் சொன்ன அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “பாப்பா எழுதியது, கேளுங்க அக்கா” என்று போனை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துக் காட்டியது நான்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எத்தனை காய், எவ்வளவு தண்ணீர், வெறும் வயிற்றிலா என்று கேட்டுக் கேட்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உனக்குத் தெரியுமே. காதால் கேட்டதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்பவர்.

மறுநாளே சந்தையில் பாகற்காய் வாங்கிவிட்டார். சாறு குடிப்பது எங்களுக்குத் தெரியும், மாத்திரையை நிறுத்தியது தெரியாது. கிளினிக்கில் சர்க்கரைக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் மைலோ டின்னுக்குள் கிடந்ததை அவர் மருமகள் பிறகுதான் பார்த்தாள். ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்து போயிருக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் குசினியில் சாய்ந்துவிட்டார்.

நான்தான் காரில் கிளினிக்குக் கொண்டுபோனேன். விரலில் குத்திப் பார்த்த தாதி ஒன்றும் பேசாமல் கருவியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். இரத்தத்தில் சர்க்கரை 26 (இங்கே mmol/L கணக்கு). சாப்பிடாமல் இருக்கும்போது 7 இருந்தாலே சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொள்வார்களாம். டாக்டர் சத்தம் போடவில்லை. “பாகற்காய் சாப்பிடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. யார் நிறுத்தச் சொன்னது?” என்று கேட்டார். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பேப்பர்ல வந்துச்சு டாக்டர்” என்றார்.

பேப்பரில் வரவில்லை, பாப்பா. ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அது அவருக்குப் பேப்பர்தான்.

நீ மாத்திரையை நிறுத்தச் சொல்லி எங்கேயும் எழுதவில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் ‘முடிவு’ என்று தலைப்பில் இருக்கிறது. முடிந்துபோன நோய்க்கு எதற்கு மாத்திரை என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? நம் நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை என்று 2023-ல் எடுத்த சுகாதாரக் கணக்கு சொல்கிறது. நம் இனத்தில் அது இன்னும் அதிகம். அந்த 41,000 பேரில் எத்தனை வீட்டு மைலோ டின்னில் மாத்திரை கிடக்கிறதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

1985-ல் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை விட்டுவிட்டுப் பேப்பர் போட ஆரம்பித்தேன், நீ பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால். விடியற்காலை நாலரைக்குப் பஸ் நிலையத்தில் கட்டு வந்து இறங்கும். கயிற்றை அறுத்து, ஞாயிற்றுக்கிழமை என்றால் உள் இதழைச் செருகி, மோட்டாரின் இரண்டு பக்கமும் பையில் அடுக்குவதற்குள் விரல் பத்தும் மையில் கறுத்துவிடும். அந்தக் கையோடு ஒரு கோப்பி, அப்புறம் தோட்டம் தோட்டமாக. ஐந்து வீட்டுக்கு ஒரு பேப்பர்தான் போகும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் என்னை நிறுத்தி, “என்ன போட்டிருக்கான் இன்னைக்கு?” என்று கேட்பவர்களுக்கு நின்று படித்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். காசு சம்பளத்தன்றுதான் வரும், அதிலும் சிலர் கடன். ஆனால் நான் சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. வேலையை மேற்பார்க்கிற தண்டல் சொன்னால்கூட, “பேப்பர்காரர் வரட்டும், கேட்போம்” என்பார்கள். பெரியம்மா அப்படி ஒரு தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் என் வாயால் செய்தி கேட்டவர்.

1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் பத்திரிகை 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அன்றைக்குக் கட்டைப் பிரிக்கும்போது என் கை நடுங்கியது. நீ இணையத்தில் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அதுவும் ஒரு காரணம். நம் வீட்டுப் பிள்ளை எழுத, நான் படித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

எழுதிக் காசு பார்க்க நினைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. எழுபதுகளில் முருகு சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது, தமிழ் நேசனில் நல்ல சிறுகதைக்குப் பவுன் பரிசு கொடுத்தார்கள். அந்த ஒரு பவுனை நினைத்துக்கொண்டு மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். மூன்று கதை அனுப்பினேன், ஒன்றும் தேறவில்லை. ஆனால் யாரோ ஒருவர் என் கதையைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்று வைத்தார். உனக்குக் காசு வருகிற இடத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள், விளம்பரம் எத்தனை தடவை தெரிந்தது, அவ்வளவுதான் கணக்கு. எழுதியது சரியா என்று கேட்க நீயும் நானும்தான் மிச்சம். நாம் இரண்டு பேரும் கேட்கவில்லை.

உன் கூகுள் விளம்பரக் கணக்கில் பத்து டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து இங்கே ஒரு கடிதம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முகவரி சரிதானா என்று பார்க்க ஆறு எண் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடித ஓரத்தைக் கிழித்து, அந்த எண்ணை உனக்குப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ அந்தப் பக்கம் சிரித்தாய். அப்புறம் நூறு டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும் என்றாய். 2018-லிருந்துதான் தமிழ்ப் பக்கங்களுக்கு அந்த விளம்பரமே கிடைக்கிறது, அதிலும் ஆங்கிலத்துக்குக் கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை என்றாய். நூறு சேர உனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில்தான் நீ பாட்டியைப் பற்றி எழுதினாய். அதைப் படித்தவர்கள் 83 பேர்.

நான் அதை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். 1948 ஜூன் 16 காலையில் நம் ஊர் எல்ஃபில் தோட்டத்தில் கம்யூனிஸ்டுகள் தோட்டத் துரை வாக்கரைச் சுட்டதும், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைமார் செத்ததும், இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம் வந்ததும் புத்தகத்தில் இருக்கிறது. கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டுக்குப் போகிறவர்கள் காட்டுக்குள் சோறு கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் நிறுத்தி வாளியைத் திறந்து பார்த்ததும், பதினைந்து வயசுப் பாட்டி தன் அம்மாவின் பசிக்கு ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கை ரப்பர் பால் பிடிக்கிற மங்கைத் துடைக்கிற துணிக்குள் சுருட்டிக் கொண்டுபோனதும் புத்தகத்தில் இல்லை. அந்தத் துணியில் ஒட்டிய பால் நாற்றம் கிழங்கிலும் இருந்தது, அதையும் தின்றோம் என்று பாட்டி சொன்னதை நீ ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினாய். கோலக்கெட்டிலில் இருந்து ஒருவர், தன் ஆத்தாவும் இதையே சொல்லுவார், யாரும் நம்பியதில்லை என்று உனக்கு எழுதினார். அந்த எண்பத்து மூன்று பேரை நான் குறைவாக நினைக்கவில்லை. நான் பேப்பர் போட்ட சில தோட்டங்களில் அவ்வளவு பேர்கூட இல்லை.

பாட்டிக்கு இப்போது 89. நாளுக்கு நாள் பேச்சு குறைகிறது. போன மாதம் வேலியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நடுவில் விட்டுவிட்டார். நான் குறிப்பெடுத்த வரைக்கும் நோட்டில் இருக்கிறது. நீ வந்து உட்கார்ந்தால்தான் மீதி வரும், உன் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் பேச்சு வருகிறது.

வேலையை விடப்போவதாகச் சொன்னாய். விடாதே, அம்மா. பாகற்காய்க் கட்டுரைக்கு உனக்கு வந்தது 160 வெள்ளி (ரிங்கிட்). உன் 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி போடுகிற 13 விழுக்காடு சேமநிதி மட்டுமே மாதம் 390 வெள்ளி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் சம்பளம் இல்லை என்ற வீட்டில் வளர்ந்தவன் நான். விடியற்காலையில் தகரத்தில் மழைச் சத்தம் கேட்டால் உன் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிடுவார், பேசமாட்டார். இந்த மாதம் கூகுள் தேடலில் முன்னால் வந்தது அடுத்த மாதம் பின்னால் போய்விட்டது என்று நீ சொல்லும்போது எனக்கு அந்தத் தகரச் சத்தம்தான் கேட்கிறது. வயிற்றுக்கு அதை நம்பினால், வருகிற ஆட்களுக்காக இன்னொரு பாகற்காய் எழுத வேண்டி வரும். ஏற்கெனவே வெந்தயம், கருஞ்சீரகம் என்று இரண்டு எழுதிவிட்டாய், பார்த்தேன்.

பாட்டி கதையை முழுசாக எழுதி முடித்தால் புத்தகமாகப் போடலாம். அமேசான் கிண்டிலில் மின்னூலாகத் தமிழ்ப் புத்தகம் போட வழி இருக்கிறது, அச்சுச் செலவு கிடையாது. அச்சிலும் கொஞ்சம் போட்டுக் கோயில் மண்டபத்தில் வெளியீடு வைக்கலாம். முதல் நூல் வாங்குகிறவர் உறையில் பணம் வைப்பதும், வந்தவர்கள் வாங்குவதுமாக அச்சுக்கூலி பெரும்பாலும் வந்துவிடும். மீதியை நான் மோட்டாரில் கொண்டுபோய் விற்கிறேன். எந்த வீட்டில் வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். இதில் நீ பணக்காரி ஆகமாட்டாய். ஆனால் யார் படிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கட்டுரையைச் சும்மா எடுத்துவிடாதே. எடுத்துவிட்டால் படித்தவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று எழுது. எங்கள் ஊரில் ஒருவர் இதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார் என்றும் எழுது. வெந்தயத்துக்கும் கருஞ்சீரகத்துக்கும் அப்படியே. காசு நின்றுபோனால் போகட்டும், அந்த 160 வெள்ளியை நான் தருகிறேன்.

பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் 14-ஆம் தேதி கிளினிக். நான்தான் அழைத்துப் போகிறேன். கால் புண் மெல்ல ஆறி வருகிறது. நேற்று வேலியோரம் நின்று, “தம்பி, பாப்பா அடுத்து என்ன எழுதியிருக்கு, படிங்க கேட்போம்” என்றார். அவருக்கு உன்மேல் துளியும் கோபமில்லை, என்மேலும் இல்லை. இன்னும் வரவில்லை அக்கா, வந்ததும் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ திருத்தி எழுதியதும் கூப்பிடு. முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
அப்பா