மலைப் பிள்ளைகளுக்கு அச்சு மிஷினில் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரியில் என் கணவரும் நானும் சிறிய அச்சகம் நடத்துகிறோம். மினி ஆப்செட் என்ற சிறிய அச்சு மிஷின் ஒன்று, தாள் வெட்டும் கட்டிங் மிஷின் ஒன்று, மாமனார் காலத்து ட்ரெடில் என்ற பழைய அச்சு மிஷின் ஒன்று. ட்ரெடிலில் இன்றும் பில் புத்தகத்துக்கு நம்பர் போடுகிறோம், பெட்டி அட்டைக்கு மடிப்புக் கோடு போடுகிறோம்.

நீலகிரியில் அச்சு வேலைக்குப் பஞ்சமே இல்லை. தேயிலைத் தூள் பெட்டி, சாக்லேட் பெட்டி, தைல பாட்டில் லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தடைக்குப் பிறகு காகிதப் பைக்கும் கேட்கிறார்கள். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் நல்ல பெட்டி வேண்டும் என்று பேக்கரிக்காரர்கள் வருகிறார்கள். ஆனால் மிஷின் ஓட்ட ஆள் இல்லாததால் பாதி ஆர்டரைக் கோவைக்கோ சிவகாசிக்கோ அனுப்புகிறோம்.

வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் டிசைன் சான்றிதழோடுதான் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் கை நன்றாக ஓடுகிறது. அச்சுக்கு என்று வந்தால் தடுமாறுகிறார்கள். வெட்டில் போவதற்காக விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விடுவதில்லை. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், பிளேட் என்ற அச்சுத் தகடு போடும் இடத்தில் கட்டம் கட்டமாக உடைகிறது. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கீழ்க்கோத்தகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தேயிலை லேபிள் ஒன்றை அழகாகச் செய்திருந்தாள். திரையில் மின்னிய பச்சை, தாளில் மங்கிவிட்டது. முகம் வாடிப்போனாள். லென்ஸைக் கொடுத்துத் தாளைப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, பச்சைன்னு ஒரு மையே இல்லையா?" என்றாள். நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் சேர்ந்துதான் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அப்புறம் செய்த லேபிள்களில் நிறத்தை அவளே சரியாக அமைத்துவிடுகிறாள்.

எங்கள் ஊர் ஈரமும் தனிப் பாடம். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கடைக்குள்ளேயே வந்துவிடும். தாள் ஈரம் குடித்து விரியும். எங்களுடையது ஒரு நிறம் ஓட்டும் மிஷின் என்பதால் நான்கு நிறத்துக்குத் தாள் நான்கு தடவை உள்ளே போய் வர வேண்டும். இடையில் தாள் விரிந்தால் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று உட்காராது, எழுத்து இரட்டையாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு நிறம் முடிந்ததும் தாள் கட்டைப் பாலிதீனால் இறுக்கி மூடுகிறோம். ஈரத்தில் மையும் சீக்கிரம் காயாது. இதையெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்றால்தான் கற்க முடியும். கட்டிங் மிஷின் கத்தியிடம் கையை எப்படிக் காப்பது என்பதும் அப்படித்தான்.

அச்சுக்குத் தேவையான பிலிமையே செய்த மாவட்டம் இது. 1960-இல் உருவான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகை இந்து நகரில் எக்ஸ்ரே பிலிமோடு, பிளேட் எடுக்கப் பயன்படும் கிராபிக் ஆர்ட்ஸ் பிலிமும் தயாரித்தது. இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட் வந்துவிடுகிறது, அந்த ஆலையும் மூடிவிட்டது. இன்று அச்சுத் தொழிலை முறையாகப் படிக்க வேண்டுமானால் சென்னை தரமணி, கிண்டி போன்ற வெளியூர் இடங்களுக்குப் போக வேண்டும். இலை பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

குன்னூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஆறு மாதக் குறுகிய பயிற்சி ஒன்று தொடங்கலாம். பழைய மினி ஆப்செட் ஒன்றும் கட்டிங் மிஷின் ஒன்றும் போதும். பயிற்சி முடித்தவர்களை எங்களைப் போன்ற அச்சகங்கள் தொழில் பழகுநராக எடுக்கலாம். பழகுநருக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தரும் திட்டம் 2016 முதலே இருக்கிறது. சிறு அச்சகக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. மாவட்டத் தொழில் மையம் எங்களை ஒருமுறை கூப்பிட்டு விளக்கினால் நல்லது. இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ள நாங்கள் தயார்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
கோத்தகிரி.