தோட்டின் பின்பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ துணியில் செய்த அந்த நீலத் தோடு அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். "இவ்வளவு பெரிசா இருக்கு, கனமே தெரியலையே" என்றாள். சின்னவள் அந்த மணிமாலையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். தோட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

பின்துணியை ஒட்டியிருக்கிறாய்.

இதுவரை நீ ஒட்டி நான் பார்த்ததில்லை. முன்துணியை அட்டைமேல் இழுத்து மடிப்பாய், பின்துணியை அதே அளவுக்கு உள்ளே மடித்து வைப்பாய், மடிப்புக்குள்ளேயே ஊசியை ஓட்டிச் சுற்றி வருவாய். நூல் வெளியே தலைகாட்டாது. எங்கே ஆரம்பித்தாய், எங்கே முடிச்சுப் போட்டாய் என்று இத்தனை வருஷம் ஊசி பிடித்த என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. இந்த நீலத் தோட்டில் ஓரமாகக் குளூ கன்னில் உருக்கிய பசை ஒரு இழை, சிலந்தி நூல் மாதிரி நிற்கிறது. கொக்கிக்குக் கீழே பசை அதிகமாகி மேல்துணி விறைத்துக் கிடக்கிறது.

தப்பு என்று சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் ஒட்டித்தான் விற்கிறார்கள். ஆனால் அந்தப் பசை சூடு பட்டால் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு பை கிடந்தாலே போதும். அது துணிக்குள் இறங்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் பட்டையாக உரிந்து வந்துவிடும். நெம்பிப் பார்த்தேன், வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லாதே, ராத்திரியே தைத்து வைத்துவிட்டேன்.

அவசரம்தானே காரணம்? அந்தக் கடைக்காரரின் 200 ஜோடித் தோடு ஆர்டர்தானே?

நீ போனில் சொன்ன அன்றே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜோடிக்கு 40 நிமிஷம் ஆகும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். 200 ஜோடிக்கு 8000 நிமிஷம், அதாவது 133 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நிமிராமல் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட 17 நாள். துணியை நனைத்துக் காயவைப்பது, இஸ்திரி போடுவது, வெட்டுவது, அட்டையில் கோப்பது, போட்டோ எடுப்பது, கஸ்டமருக்குப் பதில் சொல்வது எதுவும் இதில் சேரவில்லை. நீ தூங்குவதும் சேரவில்லை. மூன்று வாரத்தில் தருகிறேன் என்று எந்தத் தைரியத்தில் சொன்னாய்?

அட்வான்ஸ் வாங்கினாயா? பாதிப் பணமாவது கைக்கு வராமல் துணியில் கத்தரி வைக்கக் கூடாது. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும், எனக்குத் தெரியும், அதில் நீ அப்படியே உன் அம்மா. விற்ற பிறகு கணக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசம். சரக்கு அவர்களிடம் இருக்கும், உன்னிடம் ஒன்றுமே இருக்காது. அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் தேதியில் கணக்கு, விற்காதது எப்போது திரும்பும், அழுக்கானால் யார் பொறுப்பு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். துணி நகையைக் கண்ணாடி ஷோகேஸில் வெயில் படுகிற பக்கம் தொங்கவிட்டால் சாயம் வெளுக்கும். வெளுத்த பிறகு அதையே சாக்காகச் சொல்லி உன் தலையில் கட்டுவார்கள்.

உன் விலைக் கணக்கை அன்றைக்குக் காட்டினாயே, அதில் துணி, மணி, கயிறு, கொக்கி, டப்பா, கூரியர் எல்லாம் வரி வரியாக இருந்தது. உன் கூலி மட்டும் இல்லை. மொத்தமாக எடுக்கிற கடைக்காரர் பெரும்பாலும் சில்லறை விலையில் பாதிக்குத்தான் கேட்பார். அந்தப் பாதிக்குள்ளேயே உன் 40 நிமிஷத்துக்கும் காசு இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவுக்கு எவ்வளவு விற்கிறாயோ அவ்வளவுக்கு அவ்வளவு நஷ்டம். கணக்கில் நீ கெட்டிக்காரி. மற்றவர்களுக்குப் போடும்போது மட்டும்.

"துணிதானே, இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறார்கள் என்று ஒருமுறை வருத்தப்பட்டாய். அதே கேள்வியை நம் சொந்தக்காரர் ஒருவர் என்னிடமும் கேட்டார். யார் என்று நான் எழுதத் தேவையில்லை. நான் வாயே திறக்கவில்லை. அம்மாவின் பழைய சிவப்பு மாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு மணியிலும் துணியின் பூ நட்டநடுவில் வந்து நிற்கிறது, பாருங்கள் என்றேன். 2 சென்டிமீட்டர் மணியை மூட 6 சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஒரு வட்டம் வேண்டும். அந்த வட்டத்தின் மையத்தில் பூ விழவேண்டும் என்றால் துணியை வரிசையாக வெட்ட முடியாது, பூவைத் தேடித் தேடி வெட்ட வேண்டும், பாதித் துணி வீணாகும். ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கும்போது ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் பூ ஓரத்துக்கு ஓடிவிடும். இதை எந்த மெஷினில் செய்வீர்கள் என்று கேட்டேன். மனுஷர் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் மருமகளுக்கு ஒன்று வேண்டும் என்றார். இலவசமாகக் கேட்டார், அது வேறு விஷயம்.

கொக்கி விஷயத்தில் நீ எனக்கே வாத்தியார். நிக்கல் கலந்த கம்பி சிலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும், ஐரோப்பாவில் 1994லேயே அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். விலை கூடினாலும் நிக்கல் இல்லாத கொக்கிதான் வாங்குவேன் என்று நின்றாய். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கஸ்டமரின் காதுக்கு இவ்வளவு பார்க்கிறவள் தனக்கு என்ன பார்க்கிறாள்?

சாயத்தைச் சோதிக்காமல் அனுப்பாதே. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார், நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தொடாதே. வேர்வைக்கும் கழுத்துக்கும் நடுவில்தான் உன் மாலை கிடக்கப்போகிறது. அந்த மஞ்சள் சட்டைக் கதையை மறந்திருக்க மாட்டாய். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இந்தச் சோதனைதான், அதனால் சொல்கிறேன். 200 ஜோடிக்கும் ஒரே தானில், அதாவது ஒரே துணிச்சுருளில், துணி எடுத்தாயா? அடுத்த தானில் அதே நீலம் வராது.

அட்வான்ஸ் வாங்கினாயா என்று கேட்டேன் இல்லையா, அதற்குப் பதில் எழுது.

உட்காரும்போது மேஜை உயரத்தைப் பார்த்துக்கொள், தோளைத் தூக்கிக்கொண்டு தைக்காதே. விறைப்பான அட்டையில் ஊசியை விரலால் இழுக்காதே, சின்னக் குறடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள். நான் கொடுத்த விரலுறையை மாட்டுகிறாயா, இல்லை டப்பாவிலேயே கிடக்கிறதா? நடு நடுவே எழுந்து கையை உதறு. இது எல்லாருக்கும் சொல்வதுதான்.

என் வலது கட்டைவிரல் காலையில் மடங்கினால் தானாக நிமிராது. இன்னொரு கையால் பிடித்து நிமிர்த்த வேண்டும், டக்கென்று ஒரு சத்தம் வரும். உன் அம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. ஆரம்பத்தில் எனக்கு ஊசி பிடிக்கும்போதுகூட ஒன்றும் தெரியவில்லை. டம்ளர் தூக்கும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு வீடியோவில் பேசினோமே, நீ டம்ளரை இடது கையில் வைத்திருந்தாய். வலது கை தெரியவே இல்லை. போனைப் பிடித்திருப்பாய். அப்படித்தான் இருக்கும்.

சரி, கிராஸ் பட்டை விஷயத்துக்கு வருகிறேன். மாலைக் கயிறு மூடுகிற பட்டையை நேராக வெட்டினால் வளைவில் சுருங்கும், பிசிறும். 45 டிகிரியில் குறுக்காக வெட்டினால்தான் வளைவுக்கு ஏற்றபடி நீண்டு கொடுக்கும். இதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நான் சொல்லித்தான் நீ படித்தாய். 5 மில்லிமீட்டர் கயிற்றுக்குச் சுற்றளவு கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர், தையலுக்கு இரண்டு பக்கமும் 6 விட்டால் 28 மில்லிமீட்டர் அகலம். அந்த அளவில் பட்டை, மணிக்கு வட்டம், தோட்டுக்குப் பின்துணி எல்லாம் நான் வெட்டித் தருகிறேன். கத்தரி பிடிக்க என் விரல் இன்னும் ஒத்துழைக்கிறது, மெதுவாக வெட்டுவேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் மறைதையல் நன்றாகப் போடுவாள். பின்துணி தைக்கிற வேலையை அவளிடம் கொடுக்கலாம். ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிடுகிறேன். கூலி கொடுத்துத்தான், ஓசியில் வேண்டாம். உன் பெயரில் போகிற சரக்கில் அவள் கை பட்டால் என்ன? பெரிய தையல்கடை எதில் ஒரே ஆள் எல்லாம் செய்கிறார்? நான் வெட்டுவேன், காஜா போடுகிறவர் வேறு, பட்டன் கட்டுகிறவர் வேறு. யாரும் என்னைக் குறைத்துப் பேசியதில்லை.

துணியை அனுப்பு. தானோடு அனுப்பு, துண்டு துண்டாக அனுப்பாதே. அட்டை அச்சு ஒன்றும் ஒரு மாதிரித் தோடும் கூடவே வை. ஒட்டியது வேண்டாம், பழையதில் ஒன்று. கடைக்காரரிடம் இன்னும் பத்து நாள் கேள். கொடுக்க மாட்டேன் என்றால் 120 ஜோடி இப்போது, மீதி அடுத்த மாதம் என்று சொல். அதற்கும் முடியாது என்றால் மீதியை எடுத்துக்கொள்ளாதே. ஒரு ஆர்டர் போனால் போகட்டும்.

இந்தக் கடிதத்துக்கு "ஒண்ணுமில்லப்பா, எல்லாம் நல்லா இருக்கு" என்று பதில் போடாதே. அட்வான்ஸ் வாங்கினாயா, கெடு எந்தத் தேதி, துணி எப்போது அனுப்புகிறாய், இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு: அம்மா கேட்கச் சொன்னாள், கை எப்படி இருக்கிறது என்று.