முன்னாள் மாணவர்களின் கல்விச் சீரும் மூன்று வயதுப் பிள்ளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளியூர்களில் வேலை பார்த்து ஊர் திரும்பிய முன்னாள் மாணவர்கள், தாங்கள் படித்த அரசுப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியதையும் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தந்ததையும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறேன். ஓய்வுபெற்று அறந்தாங்கி வட்டத்திலுள்ள சொந்தக் கிராமத்துக்கு வந்தபின், நானும் அத்தகைய ஒரு குழுவில் சேர்ந்து, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இயன்றதைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. பிள்ளைகள் இல்லாமல் மூடப்படும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு தொடக்கப் பள்ளியைச் சுவரும் வர்ணமும் காப்பாற்றுவதில்லை; அதன் கதி, பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே வீட்டுத் திண்ணையில் முடிவாகிவிடுகிறது.

பள்ளிக்கு ஊரார் கொடுப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்தபோது, 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தப்பட்டு, மக்கள் நிலமும் கட்டடமும் தளவாடமும் மனமுவந்து தந்தார்கள். இன்று மேளதாளத்துடன் பீரோவும் நாற்காலியும் குடமும் சுமந்து பள்ளிக்குப் போகும் கல்விச் சீர் ஊர்வலங்களும் அந்த வழியில் வந்தவைதாம். ஆனால் அன்று பிள்ளைகள் வந்து நின்றார்கள், உட்கார இடமில்லை; இன்று எங்கள் பள்ளியில் நல்ல கட்டடமும் கழிப்பறையும் காலை உணவும் இருக்க, ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பிள்ளைகள் இருபதைத் தொடவில்லை. அன்றைய குறைக்குக் கண்ட மருந்தையே இன்றைய குறைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிறப்பு குறைந்துவிட்டது என்பது உண்மை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.8. பிள்ளைகளே இல்லாத ஊரில் பள்ளியை நடத்தச் சொல்வதில் பொருளில்லை. எங்கள் ஊர் அப்படியன்று. காலை எட்டு மணிக்கு முன்பே தனியார் பள்ளி வேன்கள் எங்கள் தெருக்களில் ஏற்றிச் செல்லும் பிள்ளைகள், எங்கள் பள்ளியில் படிப்பவர்களைவிட அதிகம்.

சேர்க்கைக்காகத் தலைமையாசிரியையுடன் வீடு வீடாகச் சென்றபோது பெற்றோர் யாரும் அரசுப் பள்ளியைப் பழித்துப் பேசவில்லை. ஆங்கிலத்தைக் காரணமாகச் சொன்னவர்கள்கூடச் சிலரே. தாயும் தகப்பனும் விடியலில் வேலைக்குக் கிளம்புகிற வீட்டில், மூன்று வயதுப் பிள்ளையை வாசலில் ஏற்றி மாலையில் வாசலிலேயே இறக்கிவிடும் வேன்தான் பெரிய காரணமாக இருக்கிறது. அங்கே எல்.கே.ஜி. இருக்கிறது, எங்கள் பள்ளி ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் பழகி, நண்பர்களும் சேர்ந்துவிட்ட பிள்ளையை ஐந்து வயதில் பிடுங்கி இங்கே கொண்டுவர எந்தத் தாய் சம்மதிப்பாள்? அக்காள் போன வேனில்தான் தம்பியும் போகிறான்.

அரசின் திட்டங்களே இதில் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களுக்கான கட்டணத்தை அரசு ஏற்கிறது. அந்த நுழைவு வகுப்பு பெரும்பாலும் எல்.கே.ஜி. 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. 2022-இல் அவற்றை மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்த பின்னரே அவை தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் வகுப்புவரை மட்டுமே உள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. ஆக, மூன்று வயதுப் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் அரசு பணம் கட்டுகிறது, தன் சொந்தத் தொடக்கப் பள்ளியிலோ இடம் வைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். “ஆறாம் வகுப்புக்கு அரசுப் பள்ளிக்கு மாத்திக்கிறோம் சார்” என்று கணக்குப் போட்டுச் சொன்ன பெற்றோர் உண்டு. அவர்கள் கணக்கில் பிழையில்லை. 2020-இல் வந்த மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கென 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலே போதும் என்கின்றன. அவை நல்ல திட்டங்கள். ஆனால் தொடக்கப் பள்ளியைக் காலியாக விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளியை நிரப்புகின்றன.

பிள்ளைகள் குறைந்தபின் நடப்பது தனிக் கதை. 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம். அதில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மீதமுள்ள ஒருவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையதளப் பதிவுகளையும் செய்ய வேண்டும். அதைப் பார்க்கும் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆகவே ஊர் திரும்பும் முன்னாள் மாணவர்களுக்கு என் வேண்டுகோள், வர்ணம் பூசும் பணத்தை முதலில் ஓர் ஆட்டோவுக்கோ வேனுக்கோ மாத வாடகையாகக் கொடுங்கள் என்பதே. இதில் விளம்பரம் கிடைக்காது. திறப்பு விழாவுக்கு வரும் சட்டமன்ற உறுப்பினர் வேன் வாடகைக்கு ரிப்பன் வெட்டமாட்டார். ஆயினும் காலையில் வாசலுக்கு வண்டி வருகிறது என்று தெரிந்ததும், எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் தாமாகவே விசாரித்தன. அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் பெறுங்கள், இல்லையேல் அதன் கூட்டங்களுக்காவது செல்லுங்கள். 2024-இல் அக்குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் தரப்பட்டது. ஆனால் அங்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல், தலைவராக இருக்கும் தாயைப் பேசவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி சொல்வதைக் கேட்டுத்தான் இன்னொரு தாய் பிள்ளையை அனுப்புவாள். சென்னையிலிருந்து வந்த ஓய்வூதியர் சொல்லி அனுப்பமாட்டாள்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் உடனடியாக இயலாதெனில், சேர்க்கை மிகக் குறைந்த பள்ளிகளிலிருந்தாவது எல்.கே.ஜி. வகுப்பைத் தொடங்கி, அதற்கென ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். பள்ளியின் கடைசிப் பிள்ளையும் போனபின் கட்டடத்தை நூலகமாக்குவதற்கு ஆகும் செலவைவிட இது அதிகமாக இராது என்று நினைக்கிறேன்.

அண்மை ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் முதல் தேதியே தொடங்கிவிடுகிறது. தனியார் பள்ளிகளின் துண்டறிக்கைகளோ பொங்கல் முடிந்ததும் எங்கள் வீடுகளுக்கு வந்துவிடுகின்றன. தங்கள் நாளிதழ் ஜூன் மாதத்தில் வெளியிடும் ‘மாணவர் இல்லாப் பள்ளிகள்’ செய்தியை, வட்டார வாரியாகச் சேர்க்கை குறைந்த பள்ளிகளின் பட்டியலாக ஜனவரியிலேயே வெளியிட்டால், வெளியூரிலிருக்கும் முன்னாள் மாணவர்கள் பொங்கல் விடுமுறைக்கு வரும்போதே வீடு வீடாகச் சென்று பெற்றோரைச் சந்திக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.