பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே எங்கள் தெருவில் புதிய சாலை போடக் கோரும் மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு மற்றும் குறுக்குத் தெருவாசிகள்,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: சாலை மட்டம் உயராமல் தார் போட வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் நேரிலும் இணையவழியிலும் முன்பு அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ரேஷன் கடை முனை வரை தாங்களே வந்து பார்த்தீர்கள். அந்த முனையில் நின்றாலே ஒரு பக்கம் ஜாக்கி வைத்து உயரத் தூக்கிய வீடுகளும் மறுபக்கம் பள்ளத்தில் கிடக்கும் வீடுகளும் தெரியும். இப்போது அதே முனையில் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். சுரண்டும் இயந்திரம் மட்டும் வரவில்லை. எனவே இம்மனுவைப் பணிவுடன் மீண்டும் சமர்ப்பிக்கிறோம்.

1. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் திரு. வெ. இறையன்பு அவர்கள் அறிவுறுத்தினார்கள். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

2. 2015 வெள்ளம் வடிந்த பிறகு, எங்களில் பலர் நகையை அடகு வைத்தும் சேமநல நிதியை எடுத்தும் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி உயர்த்தினோம். குடும்பத்தை வாடகை வீட்டுக்கு மாற்றிவிட்டு, அஸ்திவாரம் தெரியும்வரை சுவரோரம் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, அந்த இடைவெளியில் இரும்புச் சேனலும் அதன் கீழ் வரிசையாக ஜாக்கிகளும் வைத்தார்கள். ஹரியானாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள், மேஸ்திரி குரல் கொடுக்கும்போதெல்லாம் அத்தனை ஜாக்கிகளையும் ஒரே அளவு திருக வேண்டும். ஒருவர் கூடுதலாகத் திருகினால் அந்த மூலையில் சுவர் விரிந்துவிடும். பிறகு இடைவெளியில் செங்கல் கட்டி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். இதில் மேலே வருவது சுவரும் கூரையும்தான், தரை பழைய இடத்திலேயே கிடக்கும். மூன்றடிக்கும் மண் நிரப்பி, திமிசு போட்டுக் கெட்டித்து, புதிய தரை போட்டு, கழிவறைக் குழாய், மாடிப்படி, வாசற்படி என அனைத்தையும் திரும்பக் கட்டினோம். தூக்கிய கூலி ஒரு கடன் என்றால் இது இன்னொரு கடன்; இரண்டுக்கும் இன்றுவரை வட்டி கட்டுகிறவர்கள் இத்தெருவில் இருக்கிறார்கள். அன்று நான்கு படி ஏறி நுழைந்த வீட்டில் இன்று இரண்டு படிகள்தான் வெளியே தெரிகின்றன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாலை போட்டதில், மற்ற இரண்டும் தாருக்குள் போய்விட்டன.

3. தூக்க முடியாதவர்கள் நிலை இதைவிட மோசம். குறுக்குத் தெருவில் பொதுச்சுவர் வைத்துக் கட்டிய வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் தூக்க இயலாது. எல்லோரும் சேர்ந்து தூக்க அவர்களிடம் பணமும் இல்லை. நாங்கள் மண் நிரப்பி உயர்ந்துகொண்டதால், எங்கள் மனையில் தேங்க வேண்டிய தண்ணீரும் அவர்கள் கூடத்துக்கே போகிறது. (இதனால் பேச்சு நின்றுபோன அண்டை வீட்டார் உண்டு.) மழை வலுத்தால் கழிவறைக் கோப்பை வழியாகச் சாக்கடை மேலேறி வருகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் ஒருவரின் கட்டிலுக்கு நான்கு கால்களிலும் ஹாலோபிளாக் கல் கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு அவர்களால் வைக்க முடிந்த ஜாக்கி அதுதான், ஐயா.

4. முந்தைய மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது, பதில் வரவில்லை. தளத்துக்கு வந்த அலுவலர் ஒருவரோ, "நீங்களும் வீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டியதுதானே" என்று வாய்மொழியாகச் சொல்லிச் சென்றார். எத்தனை முறை உயர்த்துவது? ஒருமுறை தூக்கிய பழைய சுவர் மறுமுறை தாங்குமென்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? சாலையைச் சுரண்டுவது எளிதா, தெரு முழுவதும் வீடுகளைத் தூக்குவது எளிதா?

5. சுரண்ட வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

ஆகவே, தார் வண்டி வருமுன் பணியை நிறுத்தி வைத்து, தங்கள் பொறியாளர் ஒருவரை அனுப்பி ஒவ்வொரு வாசற்படியின் மட்டத்தையும் எங்கள் முன்னிலையில் அளந்து பதிவு செய்து, பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட உத்தரவிடுமாறும், அந்த உத்தரவின் நகலை எங்களுக்கு எழுத்துமூலம் வழங்குமாறும் மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெருவாசிகள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)