‘சிங்கிள்’ என்றால் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில் ‘சிங்கிள்’ என்பதற்குத் ‘திருமணமாகாதவர்’ என்று ஒரே பொருள் தந்திருந்தீர்கள். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். படிவத்தில் அந்தக் கட்டம் வந்தால் என் பேனா சற்று நின்றுதான் நகரும்.

போன வருடம் ஓர் அம்மா கொண்டுவந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்: சிங்கிள், மேரிட். அவர் கணவர் இறந்து மூன்று ஆண்டுகள். “இதுல நான் எதுண்ணே?” என்று கேட்டார். மேரிட் என்றால் கணவர் கையெழுத்துக் கேட்பார்கள். சிங்கிள் என்றால் கீழேயே இரண்டு பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. ஓரத்தில் ‘கணவர் காலமானார்’ என்று எழுதிக் கொடுத்தேன். கட்டத்துக்கு வெளியே எழுதக் கூடாதென்று திருப்பிவிட்டார்கள்.

ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே இந்தச் சொல் ஒரு நிலையில் நிற்பதில்லை. இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் பேச்சிலர் (மணமாகாத ஆண்), ஸ்பின்ஸ்டர் (மணமாகாத பெண்) இரண்டையும் 2005 டிசம்பரில் நீக்கிவிட்டு, இருபாலருக்கும் சிங்கிள் என்றே எழுதத் தொடங்கினார்கள். அங்கே அதற்கு இதுவரை மணமாகாதவர் என்று பொருள். மணவிலக்குப் பெற்றவரைத் தனியாகக் குறிப்பார்கள். அமெரிக்க வருமான வரிப் படிவத்திலோ மணவிலக்குப் பெற்றவரும் சிங்கிள் கணக்கில் வரலாம்.

நம் சிறார் நீதிச் சட்டம் 2015, 57-ஆம் பிரிவு ‘சிங்கிள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்’ தத்தெடுக்கலாம் என்று இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. அடுத்த உட்பிரிவே, சிங்கிளாக இருக்கும் ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது என்கிறது. மணவிலக்குப் பெற்ற ஆண் இதில் சேர்த்தியா? அந்த வரியை மட்டும் படித்தால் விளங்காது.

என் மகனிடம் கேட்டால் காதலி இல்லாதவன்தான் சிங்கிள். அதிலும் அவன் ‘மொரட்டு சிங்கிள்’. நாளைக்கே ஒரு பெண் சம்மதித்தால் நண்பர்கள் மத்தியில் அந்தப் பட்டம் போய்விடும். தாலுகா அலுவலகத்துக்கு மட்டும் தாலி கட்டும்வரை அவன் சிங்கிள்தான். ‘சிங்கிள் பேரண்ட்’ என்றால் இன்னொரு கூட்டம்: துணையை இழந்தவர், பிரிந்தவர், மணமே செய்யாமல் பிள்ளை வளர்ப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். குழப்பமில்லாமல் சிங்கிள் என்று கேட்டு வாங்க முடிவது டீக்கடையில்தான்.

ஆகவே அடுத்த இதழில் ‘தற்போது மணத்துணை இல்லாதவர்’, ‘காதல் துணை இல்லாதவர்’ என்ற இரண்டு பொருள்களையும் சேர்த்து வெளியிடுங்கள். படிவம் அச்சடிப்பவர்கள் யாரேனும் உங்கள் வாசகராக இருந்தால், சிங்கிள் என்ற ஒரு கட்டத்துக்குப் பதிலாக மணமாகாதவர், மணவிலக்குப் பெற்றவர், பிரிந்து வாழ்பவர், துணையை இழந்தவர் என்று நான்கு கட்டம் போடச் சொல்லுங்கள். தாளில் இடம் இருக்கிறது. நான்தான் தினம் பார்க்கிறேனே.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
திண்டுக்கல் மாவட்டம்.