வறட்சி தாங்கும் நெல்: எந்த வறட்சி, எந்தப் பருவத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வேளாண் பக்கத்தில், வறட்சியைத் தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்தாயிற்று, அது சேர்ந்த விதையைப் போட்டால் மழை பொய்த்தாலும் கதிர் வரும் என்று எழுதியிருந்தீர்கள். மியான்மரில் பெகு, தட்டோன் பக்கம் இதை நம்பி விதைக்கு அலையப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் பணத்தை எடுக்கும் முன் சில விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்.

முதலில், எந்த வறட்சி என்று கேட்க வேண்டும். மாண்டலே, மக்வே வறண்ட பகுதியில் மழை இரண்டு தவணையாகப் பெய்யும், நடுவே ஜூலையில் காய்ந்துவிடும். அங்கே அடிபடுவது நாற்றும் தூர் கட்டும் பயிரும். பெகுவில் ஜூலையில் வரப்பே தெரியாது. நமக்குச் சங்கடம் அக்டோபரில் மழை முன்கூட்டியே நிற்கும்போதுதான், அதுவும் மேட்டு வயலில். தூர் கட்டும் பருவத்தில் வாடிய பயிர், தண்ணீர் கிடைத்தால் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடுகட்டும். பூக்கும் பருவத்தில் வாடினால் ஈடு கிடையாது. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு மகரந்தம் உருவாகிறது. அப்போது ஈரம் குறைந்தால் மகரந்தம் மலடாகும், மணி பதராகும். கதிர்க்காம்பும் நீளாது. தொண்டையிலேயே நின்றுவிட்ட கதிரை உருவிப் பாருங்கள்: கண்ணாடி இலையின் (கதிரை ஒட்டிய கடைசி இலை) உறைக்குள் சிக்கிய அடிக்கிளைகளில் ஒரு மணிகூடப் பால் பிடித்திருக்காது.

ஆகவே ஒரு பகுதியின் வறட்சிக்குத் தேர்ந்த ரகம் இன்னொரு பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. யெசின் ஆராய்ச்சி நிலையம் இந்த வகை நெல்லுக்கு ‘யே நெ லோ’ என்று பெயர் வைத்திருக்கிறது. பர்மிய மொழியில் தண்ணீர் கொஞ்சம் போதும் என்று பொருள். தண்ணீரே வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, விற்கிறவர்கள்தான் சொல்கிறார்கள்.

இனி மரபணு. நெல்லின் வறட்சித் தாங்குதல் ஒற்றை மரபணு விவகாரம் அல்ல. குரோமோசோம்களில் அங்கங்கே இருக்கும் பல பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுக்கின்றன. இவற்றில் பெரிய விளைவு காட்டியவற்றுக்கு க்யூ.டி.டி.ஒய். என்று பெயரிட்டு, குரோமோசோம் எண்ணைச் சேர்த்துச் சொல்வார்கள். 2007இல் வெளியான க்யூ.டி.டி.ஒய். 12.1 (12ஆம் குரோமோசோமில் இருப்பது) அதில் முதல் பெரிய கண்டுபிடிப்பு. வறட்சி தாங்கும் இந்திய ரகம் வந்தனாவையும் தாங்காத இந்தோனேசிய ரகம் வே ராரெமையும் கலந்த சந்ததியில் தேடினார்கள். நல்ல பகுதி வந்ததோ வே ராரெமிடமிருந்து! தனியாக இருந்தபோது வாடிய ரகம்தான், அதன் ஒரு துண்டு வந்தனாவுக்குள் போனதும் விளைச்சலைத் தூக்கியது. ஒரு பகுதி எந்த ரகத்துக்குள் போகிறது என்பதைப் பொறுத்தே அதன் பலன் கூடும், குறையும்.

குட்டை நெல்லின் கதையும் இங்கே வருகிறது. 1966இல் வந்த ஐ.ஆர்.8 முதல் பெரும்பாலான புது ரகங்களைக் குட்டையாக்கிய எஸ்.டி.1 மரபணு முதல் குரோமோசோமில் இருக்கிறது. அதற்கு ஒட்டினாற்போலவே வறட்சிக்கு உதவும் 1.1 பகுதியும் இருக்கிறது. நாகினா 22 போன்ற உயரமான பழைய நெல்லில் அந்த உதவும் வடிவம் உண்டு. குட்டைச் செடியாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்ததில் பக்கத்திலிருந்த இதுவும் கைநழுவியது. திருப்பிச் சேர்க்கப் போனால் உயரமும் கூடவே வந்து, உரம் போட்டதும் பயிர் சாய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே குரோமோசோம் முறிந்து மாறிய செடி அரிதாகத்தான் கிடைக்கும். நிறையச் செடி வளர்த்து, மார்க்கர் (மரபணு அடையாளக் குறி) வைத்துத் தேடித்தான் அதைப் பிடித்தார்கள்.

இந்த வேலைக்கு ஏன் வருஷக்கணக்கில் ஆகிறது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர். கலப்பு செய்ய, முதல் நாள் மாலை ஒவ்வொரு பூவின் உமியையும் மேலே மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்து, கதிருக்குக் காகித உறை மாட்ட வேண்டும். மறுநாள் முற்பகல் மற்ற ரகத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே தட்ட வேண்டும். ஒரு பை விட்டுப்போனாலும் அந்த மணி கலப்பு மணி அல்ல. நம் பக்கம் பரவலாகப் போடும் மனோதுக்கா ரகத்தில் சேர்ப்பதானால், அதன் சோற்றுத் தரம் கெடாமல் இருக்க, கிடைத்த செடியை மறுபடி மறுபடி மனோதுக்காவோடு பின்கலப்பு செய்வார்கள். முதல் பின்கலப்பில் சராசரி 75 விழுக்காடு, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடு மனோதுக்கா திரும்பிவரும். மூன்று வறட்சிப் பகுதிகளைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பின்கலப்பிலும் எட்டில் ஒரு செடிதான் மூன்றையும் தாங்கியிருக்கும். கடைசியில் தன்மகரந்தத்தில் விட்டால், மூன்றும் நிலைத்து நிற்கும் செடி 64இல் ஒன்று. அதற்காக 64 செடி வளர்த்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மூன்று தடவையில் ஒரு தடவைக்கு மேல் வெறுங்கைதான். 95 விழுக்காடு உறுதி வேண்டுமானால் சுமார் 190 செடி வேண்டும்.

ஆழமாக வேர் விடும் டி.ஆர்.ஓ.1 மரபணுவைக் கட்டுரை மிகவும் புகழ்ந்திருந்தது. பிலிப்பைன்ஸ் மேட்டு நெல்லான கினந்தாங் பதோங்கிலிருந்து எடுத்து ஐ.ஆர்.64 ரகத்தில் சேர்த்தபோது வேர் செங்குத்தாக இறங்கியதும், வறட்சியில் விளைச்சல் கூடியதும் உண்மை (2013). ஆனால் நம் சேற்று வயலில் தொழி உழுது உழுது 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கெட்டித்தட்டு (இறுகிய மண் அடுக்கு) விழுந்திருக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போது ஒரு இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள், எங்கே நிற்கிறது என்று தெரியும். அங்கேயே வேரும் நின்றுவிடலாம். சரி, தட்டை உடைத்துவிடலாமே என்றால், மழைக்காலத்தில் வயலில் தண்ணீரை நிறுத்துவதே அந்தத் தட்டுதான்.

விதை விற்பவர்கள் அதிகம் ஏமாற்றுவதும் நாம் அதிகம் ஏமாறுவதும் வயதில்தான். 110 நாள் ரகத்தையும் 135 நாள் மனோதுக்காவையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, மழை நின்ற பிறகு இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுவார்கள். குறுகிய வயது ரகம் வறட்சி வரும் முன்பே பூத்துத் தப்பித்திருக்கும். அது வறட்சியைத் தாங்கவே இல்லை. தப்புவதும் நல்லதுதான், குறை சொல்லவில்லை. வயல் சீக்கிரம் காலியாகும், ஈரம் இருக்கும்போதே உளுந்தும் பாசிப்பயறும் போடலாம். ஆனால் அதற்குக் குறுவயது ரகம் எதுவானாலும் போதும், மரபணு பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை வாங்க வேண்டியதில்லை.

சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் மேட்டு வயலில் ஒரு துண்டு ஒதுக்குங்கள். நெல்லில் பூத்ததிலிருந்து அறுவடை வரை எந்த ரகத்துக்கும் ஏறக்குறைய 30 நாள்தான். வயது வேறுபாடெல்லாம் பூப்பதற்கு முன்புதான். ஆகவே 135 நாள் ரகத்தை 25 நாள் முன்னதாக விதைத்தால் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். பூப்பு நவம்பர் தொடக்கத்தில் வருமாறு கணக்கிட்டால் மழை குறுக்கிடுவது குறையும். பவ்சானை ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள். பகல் பொழுது குறைவதைப் பார்த்துப் பூக்கும் நெல் அது, நீங்கள் எப்போது விதைத்தாலும் தன் காலத்தில்தான் பூக்கும். 21 நாள் நாற்றை நட்டு, நட்டதிலிருந்து 30ஆம் நாள் தண்ணீரை வடித்துவிடுங்கள். பக்கத்து வயல் தண்ணீர் கசியாமல் வரப்பைப் பூசி வையுங்கள், இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கசிவால்தான். நண்பகலில் இலை சுருளுவதைக் கண்டு கலங்க வேண்டாம். விடியற்காலையிலும் விரியாவிட்டால்தான் கடும் வறட்சி, அப்போது ஒரு தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள்.

முடிவை இலையைப் பார்த்துச் சொல்லாதீர்கள். இலை குறைவாக உள்ள ரகம் தண்ணீரையும் குறைவாகக் குடிக்கும், பச்சையாக நிற்கும், மணி இருக்காது. ஆராய்ச்சியாளர்களும் நெடுநாள் இலையையும் வேரையும் அளந்துகொண்டிருந்துவிட்டு, பிறகுதான் வறட்சியில் விளையும் நெல்லையே நேராக எடைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் வழிக்கு வந்தார்கள். ஒவ்வொரு ரகத்திலும் மூன்று இடத்தில் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர் அறுத்து, காயவைத்துத் தூற்றி எடைபோடுங்கள். அந்த 5 சதுர மீட்டரில் ஒரு கிலோ என்றால் ஏக்கருக்கு 46 பவுண்டு கூடையில் ஏறக்குறைய 39 கூடை. அதே ரகங்களை வேறொரு துண்டில் பாசனத்தோடு வளர்த்து, அதையும் இதேபோல் எடைபோட வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் பழைய ரகத்தைவிடக் குறைத்துக் கொடுக்கும் நெல்லை யார் போடுவார்கள்?

அது கலப்பின விதையாக இல்லாத வரை, நல்ல ரகம் கிடைத்தால் வருஷா வருஷம் வாங்கத் தேவையில்லை. பூக்கும்போது உயரம் மாறி நிற்கும் செடிகளைப் பிடுங்கி, 12 விழுக்காடு ஈரத்துக்குக் காயவைத்து எடுத்து வைத்தால் விதை உங்களுடையது.

இனி இப்படியொரு விதையைப் பற்றி எழுதும்போது அதன் வயது, எந்த ரகத்தோடு ஒப்பிட்டார்கள், ஒப்பிட்ட ரகம் என்றைக்குப் பூத்தது, வறட்சியிலும் பாசனத்திலும் எத்தனை கூடை என்ற நான்கையும் கேட்டு அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெல் விதைப் பெருக்கத்தில் உள்ள வாசகர்,
பெகு